லிஃப்ட்டைத் தேர்ந்தெடுத்தது தரைதான்: ஒரு வீட்டு கேரேஜின் கதை

என் கேரேஜில் இப்போது நிற்பது, அடியில் வேலை செய்வதற்காகக் காரைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட்: 4 டன் தாங்கும், இரண்டு தூண் உள்ள டூ-போஸ்ட். ஆனால் நான் முதலில் ஆசைப்பட்டது நான்கு தூண் உள்ள ஃபோர்-போஸ்ட். நடுவில், கத்திரிக்கோல் மாதிரி மடிந்து விரியும் ஒரு சிசர் லிஃப்ட்டுக்கு முன்பணம் கொடுக்கப் போய்க் கடைசி நேரத்தில் திரும்பி வந்தேன். டூ-போஸ்ட் என்று முடிவான பிறகும், தரையில் ஆறு ஓட்டை போட்டுப் பார்த்ததில் திட்டம் பாதி மாறியது. முதல் அளவு எடுத்த நாளிலிருந்து முதல் கார் மேலே ஏறிய நாள் வரை ஏழு மாதம். அதில் என்ன அளந்தேன், எந்தக் கணக்கில் எது அடிபட்டது, எங்கே தப்புச் செய்தேன் என்பதை முழுசாக எழுதுகிறேன். லிஃப்ட் வாங்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் எத்தனை டன், என்ன விலை என்றுதான் ஆரம்பிக்கிறார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்து மூன்று மாதத்தை வீணாக்கினேன்.

லிஃப்ட் தேவைப்பட்டது எப்படி

தம்பியும் நானும் செடானின் பின்பக்க ஷாக் அப்சார்பரை மாற்றிக்கொண்டிருந்தோம். கார், ஜாக்கியால் தூக்கியபின் அடியில் முட்டுக் கொடுக்கும் ஜாக் ஸ்டாண்டுகளின் மேல். கீழ்ப் போல்ட் துருவேறி அசையவே இல்லை, ஸ்பேனரில் நீளமான குழாயை மாட்டி அவன் முழு பலத்தோடு இழுத்தான். போல்ட் அசையவில்லை, கார் அசைந்தது. வலப்பக்க ஸ்டாண்டின் ஒரு கால் தரையை விட்டு எழும்பியதை நான் கண்ணால் பார்த்தேன், அடுத்த நொடி காரின் அந்த மூலை நாங்கள் கழற்றி அடியில் படுக்கப் போட்டிருந்த சக்கரத்தின் மேல் போய் உட்கார்ந்தது. கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் தள்ளி வைப்பது எங்கள் அப்பா சொல்லிக் கொடுத்த பழக்கம். அது மட்டும் இல்லை என்றால் தம்பியின் தோள் இருந்த இடத்தில் கார் இருந்திருக்கும். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் வெளியே உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு ராத்திரிதான் டேப்பை எடுத்தேன்.

சரி, லிஃப்ட் வேண்டும். எதற்கு? இந்தக் கேள்விக்கு மனதில் இருக்கும் பதிலும் நிஜமான பதிலும் வேறு வேறாக இருக்கும் என்பதால் பழைய நோட்டை எடுத்து முந்தைய இரண்டு வருடத்தில் செய்த வேலைகளை எண்ணினேன். மொத்தம் 31. ஆயில், கூலன்ட் மாதிரி வேலைகள் 14. பிரேக், டயர், சஸ்பென்ஷன் 11. சைலன்சர், அடிப்பக்கத் தகடு என்று 4. கிளட்ச் மற்றும் கியர்பாக்ஸ் இறக்கியது 2. எண்ணிக்கையில் ஆயில்தான் அதிகம், ஆனால் நேரத்தையும் முதுகையும் தின்றவை சக்கரத்தைக் கழற்றிச் செய்த பதினொன்றும், கியர்பாக்ஸ் இரண்டும்தான். இந்தப் பட்டியலைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பிறகு வந்த எந்த விற்பனைப் பேச்சுக்கும் அந்தத் தாள்தான் பதில் சொன்னது.

கூரைக் கணக்கு

கேரேஜின் அகலம் 660 செ.மீ., நீளம் 640. கூரை உத்தரத்தின் அடிப்பக்கம் வரை 305 செ.மீ., அதாவது 10 அடி. இங்கே கவனிக்க வேண்டியது, அளக்க வேண்டியது கூரையை இல்லை, கூரையிலிருந்து எது மிகவும் கீழே தொங்குகிறதோ அதை. என் கேரேஜில் உத்தரம், அதற்கும் கீழே ஒரு குழல் விளக்கு, அதற்கும் கீழே, கதவைத் திறந்தால், கதவே. மேல்நோக்கிச் சுருளாமல் தண்டவாளத்தில் ஏறிக் கூரைக்கு இணையாகப் படுக்கும் வகைக் கதவு அது. திறந்திருக்கும்போது தரையிலிருந்து 218 செ.மீ. உயரத்தில், கார் நிற்கும் இடத்தின் முன்பாதிக்கு மேலே கூடாரம் மாதிரி நிற்கும். லிஃப்ட் பற்றி யோசித்த முதல் மாதம் முழுக்க இது என் கண்ணில் படவே இல்லை, ஏனென்றால் நான் அளந்ததெல்லாம் கதவை மூடிவைத்துக்கொண்டு.

கணக்கு இதுதான். செடானின் உயரம் 147 செ.மீ. உத்தரத்துக்கும் காரின் கூரைக்கும் நடுவே 8 செ.மீ. இடைவெளி விட்டால், 305-லிருந்து இரண்டையும் கழித்து 150 செ.மீ. தூக்கலாம். தரையில் நிற்கும்போது பக்கவாட்டு அடிவிளிம்பு தரையிலிருந்து சுமார் 20 செ.மீ., ஆக மேலே போனபின் 170. என் உயரம் 173. தலையைக் கொஞ்சம் சாய்த்து நின்றுகொண்டே வேலை செய்யலாம். எங்கள் இன்னொரு கார் எஸ்யூவி, 176 செ.மீ. உயரம், அதே கணக்கில் 121 செ.மீ.தான் ஏறும், தரையிலிருந்து 25 செ.மீ. இருக்கும் அதன் அடிவிளிம்பு 146-ல் நிற்கும். அதற்கு உருளை நாற்காலியில் உட்கார்ந்துதான் வேலை. மனதைக் கொஞ்சம் தேற்றிக்கொள்ள வேண்டியிருந்தது, ஆனால் முதுகைத் தரையில் வைத்துப் படுத்து, கண்ணில் துரு கொட்ட வேலை செய்ததோடு ஒப்பிட்டால் நாற்காலியே பெரிய வசதி.

பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தூக்க வேண்டிய வேலைகளும் உண்டு. பானெட்டின் நுனி திறந்த நிலையில் காரின் கூரையைவிட மேலே போகும், அதையும் அளந்து வையுங்கள். டிக்கிக் கதவும் அப்படியே.

எது எப்படி அடிபட்டது

ஃபோர்-போஸ்ட் மேல் எனக்கு இருந்த ஆசைக்குக் காரணம் ஒரு காரை மேலே ஏற்றி வைத்து இன்னொன்றைக் கீழே நிறுத்தலாம் என்பது. நான்கு தூண், நடுவே இரண்டு நீளப் பலகை, கார் அதன் மேல் சக்கரத்தோடு ஏறி நிற்கும். தூக்குமுனை, அதாவது லிஃப்ட் பிடித்துத் தூக்கக் காரின் அடியில் இருக்கும் உறுதியான இடம், தேட வேண்டாம், சமநிலை பற்றி அவ்வளவு கவலை வேண்டாம், பல மாடல்களில் தரையில் போல்ட் போடக்கூடத் தேவையில்லை. புதிதாக லிஃப்ட் உபயோகிக்கிறவருக்கு இதைவிட நிம்மதியானது கிடையாது என்பது என் கருத்து. ஆனால் கணக்கு ஒத்துழைக்கவில்லை. இரண்டு செடானை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால்கூட 147, 147, நடுவே பலகையின் தடிமன் 13, ஆக 307 செ.மீ. என்னிடம் இருப்பது 305. இரண்டு சென்டிமீட்டரில் அந்தக் கனவு போயிற்று.

நிறுத்துமிடம் கிடைக்காது என்று ஆனபின் ஃபோர்-போஸ்டின் குறைதான் முன்னால் வந்து நின்றது: கார் சக்கரத்தின் மேல் நிற்கிறது. சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் இரண்டு பலகைகளுக்கும் நடுவே ஓடும் பிரிட்ஜ் ஜாக் என்ற தனிக் கருவியை வாங்கி, அதால் அச்சை மறுபடி தூக்க வேண்டும். சுவரில் ஒட்டிய தாளில் 11 என்று இருந்த வேலைகள் ஒவ்வொன்றுக்கும் இந்த இரட்டை வேலை. சைலன்சர், ஆயில், அலைன்மென்ட் பார்ப்பவர்களுக்கு ஃபோர்-போஸ்ட் அருமையான கருவி, என் தாளுக்கு அது பொருந்தவில்லை.

சிசர் லிஃப்ட்டின் பக்கம் போனது அதன் பிறகு. மடித்தால் தரையோடு தரையாகக் கிடக்கும், தூண் கிடையாது, வேலை முடிந்தால் கார் அதன் மேலேயே நிற்கலாம். இடநெருக்கடி உள்ளவர்களுக்கு இந்த ஒரு குணமே போதும். நான் பார்த்தது இடைநிலை வகை, அதிகபட்சம் 120 செ.மீ. அளவுக்குத் தூக்கும். ஒரு பட்டறையில் அதில் கார் ஏறி நிற்பதைப் போய்ப் பார்த்தேன், நல்ல வேளையாகப் பார்த்தேன். பிரேக் வேலைக்குக் கை வைக்க அவ்வளவு வசதி, நான்கு சக்கரமும் சுதந்திரமாகத் தொங்குகிறது. ஆனால் காருக்கு அடியில் குனிந்தால் நடுப்பகுதி முழுக்க லிஃப்ட்டின் சொந்த இரும்பே அடைத்துக்கொண்டு நிற்கிறது. கியர்பாக்ஸை எங்கே இறக்குவது, அதைத் தாங்கும் ஜாக்கியை எந்த வழியாக உள்ளே தள்ளுவது? சைலன்சர் குழாயை வெளியே எடுக்கக்கூட வழி இல்லை. முன்பணத்தோடு திரும்பி வந்தது அன்றைக்குத்தான்.

எளிதாகத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைக்கும் சின்ன வகை ஒன்றும் இருக்கிறது, காரை அரை மீட்டர் அளவுக்கு உயர்த்தும். வருடத்துக்கு இரண்டு தடவை ஆயில் மாற்றி, டயரைச் சுற்றி மாற்றிப் போடுகிற ஒருவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

ஆக, டூ-போஸ்ட். ஒவ்வொரு தூணிலிருந்தும் இரண்டு கை காருக்கு அடியில் நீண்டு, நான்கு தூக்குமுனைகளையும் பிடித்துத் தூக்கும். இதிலும் இரண்டு உடல்வாகு. இரண்டு தூண்களையும் இணைக்கும் கேபிளும் குழாயும் தலைக்கு மேல் ஒரு குறுக்குச் சட்டத்தில் போகும் வகைக்குத் தரை தடையில்லாமல் இருக்கும், ஆனால் பொதுவாக 350 செ.மீ.க்கு மேல் கூரை வேண்டும். கேபிள்கள் தரையில் ஒரு தகட்டுக்கு அடியில் போகும் வகையில் தூண் சுமார் 285 செ.மீ.தான், எனக்கு இதைத் தவிர வழியே இல்லை. அந்தத் தகடு தரைக்கு நடுவே ஒரு மேடாக நிற்கும், உருளை நாற்காலியும் ஜாக்கியும் அதில் தினமும் இடிக்கும், அதற்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

கைகளின் அமைப்பும் இரண்டு விதம். இரண்டு தூணும் நேருக்கு நேர் பார்த்து நின்று நான்கு கையும் ஒரே நீளமாக இருந்தால் சமச்சீர் வகை, எடை தூணுக்கு நேராக விழும், நீளமான கனமான வண்டிகளுக்கு நல்லது. தூண்கள் சற்றுத் திரும்பி நின்று முன்கை குட்டையாகவும் பின்கை நீளமாகவும் இருந்தால் சமச்சீரற்ற வகை, கார் கொஞ்சம் பின்தள்ளி நிற்கும், கதவு தூணில் இடிக்காமல் திறக்கும். எஞ்சின் முன்னால் இருக்கும் காரில் எடையும் முன்பக்கம் கூடுதல் என்பதால் அந்த அமைப்பு அதற்குப் பொருந்திப்போகிறது. இரண்டு விதமாகவும் கையை வைத்துக்கொள்ளக்கூடிய மாடலை எடுத்தேன்.

திறனைப் பற்றி ஒன்று மட்டும். லிஃப்ட்டின் மேல் எழுதியிருக்கும் எடையை நாலாக வகுத்ததுதான் ஒரு கையின் திறன். 4,080 கிலோ லிஃப்ட் என்றால் ஒரு கைக்கு 1,020 கிலோ. என் எஸ்யூவி 2,050 கிலோ, முன்பக்கம் 1,100 அளவுக்கு விழுந்தால் ஒரு முன்கைக்கு 550. நிறைய இடம் இருக்கிறது. பின்னால் சாமான் ஏற்றிய பிக்கப் வண்டியில் மொத்த எடை சரியாக இருந்தும் பின்கைகள் இரண்டில் அளவு மீறலாம், அதனால் மொத்தத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். இன்னொன்று, எடையைவிட முக்கியமாக எனக்குப் பட்டது கை எவ்வளவு சுருங்கும், எவ்வளவு நீளும், கையின் நுனியில் காரைத் தொடும் பேட் எவ்வளவு தாழ்வாக இறங்கும் என்பது. உங்கள் காரின் நாலு தூக்குமுனைகளையும் தரையில் சாக்பீஸால் குறித்து, லிஃப்ட்டின் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தாழ்வான காருக்கு அடியில் கையே நுழையாத லிஃப்ட்டுகள் உண்டு. பேட்டரி அடிப்பக்கம் முழுக்கப் பரந்திருக்கும் மின்சாரக் கார் என்றால் தூக்குமுனையில் ஒரு அங்குலம் தப்பினாலும் அழுத்தம் பேட்டரி உறையில் போய் விழும், அதற்கான அடாப்டரை லிஃப்ட்டோடு சேர்த்தே வாங்கிவிட வேண்டும்.

பாதுகாப்புச் சான்று விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அமெரிக்காவில் ஆட்டோமோட்டிவ் லிஃப்ட் இன்ஸ்டிட்யூட் 1945-லிருந்து இருக்கிறது, அதன் சான்று பெற்ற மாடல்களில் தங்க நிற முத்திரைத் தாள் ஒட்டியிருக்கும், மாடல் எண்ணை அவர்கள் பட்டியலிலும் சரிபார்க்கலாம். ஐரோப்பாவில் இஎன் 1493 என்ற தரம். முத்திரை லிஃப்ட்டின் மேல் இருக்க வேண்டும், விளம்பரத்தில் "அந்தத் தரத்துக்கு ஏற்ப" என்று எழுதியிருப்பது சான்று ஆகாது.

தரை

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்பும் பகுதி.

நான் விசாரித்த ஒரு விற்பனையாளர், தரை என்னவாக இருந்தாலும் பரவாயில்லை, நாலு அங்குலக் கான்கிரீட் இல்லாத கேரேஜே கிடையாது என்றார். அவர் அதை வாய்தவறிச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார், அதுதான் எனக்குக் கவலை தந்தது. ஏனென்றால் டூ-போஸ்ட்டில் கார் நிற்பது தூணின் மேல் இல்லை. தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கையின் நுனியில் நிற்கிறது. தண்ணீர்க் குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் உடம்பு எப்படி முன்னால் சாயுமோ, அப்படி ஒவ்வொரு தூணும் காரை நோக்கி உள்பக்கமாகச் சாயப் பார்க்கும். சாயவிடாமல் பிடித்திருப்பது, தூணின் அடித்தகட்டைத் தரையோடு பிணைக்கும் பின்பக்க ஆங்கர் போல்ட்டுகள். தோராயமாகக் கணக்கிட்டால் என் எஸ்யூவியில் ஒரு தூணுக்கு 1,025 கிலோ, அது அடித்தகட்டின் விளிம்பிலிருந்து 60 செ.மீ. வெளியே தொங்குகிறது, போல்ட்டுகளோ அதே விளிம்பிலிருந்து 35 செ.மீ. பின்னால். 1,025-ஐ 60-ஆல் பெருக்கி 35-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,750 கிலோ. அவ்வளவு எடை அந்தப் போல்ட்டுகளைத் தரையிலிருந்து மேலே பிடுங்குகிறது. தரையை அழுத்துவதைத் தாங்குவது கான்கிரீட்டுக்குச் சுலபம், பிடுங்குவதைத் தாங்குவது வேறு விஷயம்.

அதனால்தான் தயாரிப்பாளர்கள் குறைந்தது 100 அல்லது 108 மி.மீ. தடிமனும் 3,000 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 21 மெகாபாஸ்கல் வலிமையும் கேட்கிறார்கள். போல்ட்டிலிருந்து விளிம்புக்கோ விரிசலுக்கோ இணைப்புக்கோ குறைந்தது 6 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும் என்பதும் பொதுவான நிபந்தனை. கான்கிரீட்டுக்குள் இழுவிசைக் கம்பிகள் போட்ட வகைத் தரையாக இருந்தால் துளை போடவே கூடாது, இறுகிய கம்பி அறுந்தால் ஆளையே காயப்படுத்தும். என் வீட்டுப் பழைய வரைபடத்தில் அப்படி எதுவும் இல்லை, தண்ணீர்க் குழாயும் அந்தப் பக்கம் போகவில்லை, அதைப் பார்த்த பிறகுதான் டிரில்லைத் தொட்டேன்.

பத்து மி.மீ. பிட்டை வைத்து ஒவ்வொரு தூணுக்கும் மூன்று இடத்தில் துளை. பிட் கான்கிரீட்டைத் தாண்டியதும் சட்டென்று கை முன்னால் விழும், தூசியின் நிறமும் சாம்பலிலிருந்து மண் நிறத்துக்கு மாறும். அப்புறம் ஒரு முழ நீளக் கட்டுக்கம்பியை எடுத்து நுனியில் அரை அங்குலம் கொக்கி மாதிரி மடித்து, துளைக்குள் விட்டு, மெதுவாக மேலே இழுத்தால் கொக்கி கான்கிரீட்டின் அடிவிளிம்பில் மாட்டும். தரை மட்டத்தில் கம்பியை விரல் நகத்தால் பிடித்து வெளியே எடுத்து அளக்க வேண்டியதுதான். இடப்பக்கம் 118, 121, 125. வலப்பக்கம் முதல் துளையில் 82. கொக்கி நடுவில் ஜல்லியில் மாட்டியிருக்கும் என்று மறுபடி விட்டேன், மறுபடி 82. அடுத்தது 80. மூன்றாவது 78.

துளைகளைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் தம்பி தரையில் ஒரு மெல்லிய கோட்டைக் காட்டினான். வலச் சுவரிலிருந்து 180 செ.மீ. தள்ளி, சுவரோடு இணையாக நேராக ஓடும் கோடு. வருடக்கணக்காக அதை நாங்கள் விரிசல் என்று நினைத்திருந்தோம். அது இணைப்பு. கேரேஜை எப்போதோ யாரோ அகலப்படுத்தியிருக்கிறார்கள், சேர்த்த பகுதியில் கான்கிரீட் மெல்லிசாகப் போட்டிருக்கிறார்கள். மேலே எபாக்ஸி பூச்சு ஒரே நிறத்தில் இருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை. தரை என்னவாக இருந்தாலும் பரவாயில்லை என்ற பேச்சை நம்பி நேராக ஆட்களை வரச்சொல்லியிருந்தால், அந்த 80 மி.மீ.யில் ஏறக்குறைய அடிவரைக்கும் போல்ட் போயிருக்கும்.

லிஃப்ட்டை இடப்பக்கம் நகர்த்தலாமா என்று பார்த்தோம். லிஃப்ட்டின் மொத்த அகலம் 345, வலச் சுவரோடு நடைவழிக்கு 60 விட்டது போக இடப்பக்கம் இரண்டாவது காருக்கு 255 மிச்சம். இணைப்பைத் தாண்டி நல்ல தரைக்கு வலத்தூணைக் கொண்டுபோனால் இரண்டாவது கார் வெளியேதான் நிற்க வேண்டும். அதைவிடத் தரையை வெட்டுவது மேல் என்று முடிவு செய்தோம்.

ஒரு கட்டுமானப் பொறியாளரிடம் அளவுகளையும் லிஃப்ட்டின் கையேட்டையும் காட்டினோம். அவர் சொன்னபடி வலத்தூணுக்கு மட்டும் 120-க்கு 120 செ.மீ. சதுரமாகத் தரையை அறுத்து எடுத்து, 30 செ.மீ. ஆழத்துக்குத் தோண்டி, அடிமண்ணை இறுகத் திமிசு போட்டு, பழைய ஸ்லாபுக்குள் கம்பி செருகிப் பிணைத்து, கம்பிக்கூடு கட்டிக் கான்கிரீட் போட்டோம். கொத்தனார் முடிவான மட்டத்தை ரசமட்டம் வைத்து இரண்டு திசையிலும் மூன்று முறை பார்த்தார், நான் கேட்காமலேயே. அந்தக் கட்டியின் எடை மட்டும் ஒரு டன்னுக்கு மேல். அப்புறம் 28 நாள். தினமும் ஈரச் சாக்கைப் புரட்டி நனைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. லிஃப்ட் பெட்டி பெட்டியாக வந்து சுவரோரம் கிடக்க, காத்திருப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. பத்தாம் நாளே பார்ப்பதற்குக் கல் மாதிரி இருந்தது, தம்பிகூட "போட்டுரலாமா அண்ணா" என்றான். போடவில்லை.

நிறுத்தியது

தூண் ஒவ்வொன்றும் கனம், ஆனால் நிறுத்தும் வேலை பயந்த அளவுக்கு இல்லை. தூக்குக்குண்டு விட்டுச் செங்குத்து பார்த்து, தேவையான இடத்தில் அடியில் ஷிம் என்ற மெல்லிய தகடு கொடுத்து, 19 மி.மீ. ஆங்கர் போல்ட்டுகளுக்குத் துளை போட்டோம். துளைக்குள் இருக்கும் கான்கிரீட் தூசியை முழுசாக ஊதி உறிஞ்சி எடுக்க வேண்டும், தூசி இருந்தால் போல்ட் இறுகினது மாதிரி தெரிந்து பிறகு வழுக்கும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சில் கையேட்டில் சொன்ன அளவு. இடப்பக்கம் எல்லாம் ஒழுங்காக இறுகின. எந்தப் போல்ட்டாவது இறுகாமல் சுற்றிக்கொண்டே வந்தால் அந்த இடத்துக் கான்கிரீட் சரியில்லை என்று அர்த்தம், அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

மோட்டாருக்குத் தனி லைன் இழுத்தோம், ஒற்றை ஃபேஸ், 20 ஆம்பியர், வேலை எலக்ட்ரீஷியனுடையது. ஹைட்ராலிக் ஆயில் ஐஎஸ்ஓ 32. கேபிள் இறுக்கம் சரிசெய்யத்தான் ஒரு மாலை முழுக்க ஆயிற்று. காரைக் கீழே இறங்காமல் பிடிக்க இரண்டு தூணிலும் உள்ள பூட்டுக் கொக்கிகள் ஒரே நேரத்தில் விழ வேண்டும். காரில்லாமல் ஏற்றும்போது ஆரம்பத்தில் "டக், டக்" என்று இடம் முந்தி வலம் பிந்திக் கேட்டது. கேபிள் நட்டைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பித் திருப்பி, கடைசியில் இரண்டும் சேர்ந்து ஒரே "டக்". அந்தச் சத்தம் வந்ததும் தம்பி கைதட்டினான்.

முதலில் ஏற்றியது செடானை. கைகளைத் தூக்குமுனைக்கு நேராக வைத்து, பேட் தொட்டதும் நிறுத்தி, நாலையும் குனிந்து பார்த்து, டயர் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியதும் மறுபடி நிறுத்தினோம். முன் பம்பரைப் பிடித்து நன்றாக ஆட்டினேன், பின்பக்கம் போய் ஆட்டினேன். கையின் பூட்டுப் பற்கள் விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு கையையும் இழுத்துப் பார்த்தேன். அப்புறம் மேலே. வேண்டிய உயரம் வந்ததும் இறக்கும் லீவரை லேசாக அழுத்தி, எடை முழுக்க இரும்புக் கொக்கியின் மேல் உட்காரும் வரை விட்டேன். இதை மட்டும் யாரும் தவிர்க்காதீர்கள். எண்ணெய் அழுத்தத்தில் தொங்கும் காருக்கு அடியில் ஒரு நொடிகூடத் தலையை விடக்கூடாது. ஒரு குழாய், ஒரு சீல் போதும்.

ஒரு வருடத்துக்குப் பிறகு

இந்த ஒரு வருடத்தில் 22 முறை கார் ஏறியிருக்கிறது. செடானின் கிளட்ச் மாற்றியதுதான் பெரிய வேலை. கியர்பாக்ஸ் வெளியே வந்ததும் காரின் எடை பின்னால் சாயும் என்பது தெரிந்ததால் உயரமான தாங்கு ஸ்டாண்டு இரண்டைப் பின்பக்கம் கொடுத்த பிறகுதான் கடைசிப் போல்ட்டைக் கழற்றினோம். ஜாக் ஸ்டாண்டில் இரண்டு விடுமுறை நாளைத் தின்ற வேலை ஒரே பகலில் முடிந்தது. துருவேறிய போல்ட்டுகளை மட்டும் இப்போதும் நீளக் குழாய் போட்டு இழுப்பதில்லை, லிஃப்ட் என்றாலும் பேட்டின் மேல் கார் நகரும். சூடுகாட்டித் துருநீக்கி விட்டுக் காத்திருக்கிறோம்.

முதல் மாதம் வாரம் ஒரு தடவை எல்லாப் போல்ட்டையும் டார்க் ரெஞ்ச்சால் பார்த்தேன். இரண்டு போல்ட் முதல் வாரத்தில் கொஞ்சம் தளர்ந்திருந்தன, அதற்குப் பிறகு இல்லை. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறேன். கேபிள் ஆறாம் மாதத்தில் சற்று நீண்டு, மறுபடி இரட்டைச் சத்தம் வந்தது, சரிசெய்தேன். ஒரு ரப்பர் பேட் கிழிந்து மாற்றினேன்.

ஒரு சேதமும் நடந்தது, அது முழுக்க என் தப்பு. எஸ்யூவியின் உயரம் 176 என்று எழுதியவன் கூரையில் நிற்கும் ஆன்டெனாவை எண்ணவில்லை. முதல் தடவை 121 செ.மீ. ஏற்றியபோது மேலிருந்து ஒரு கிறீச்சென்ற சத்தம், ஆன்டெனா உத்தரத்தில் மடங்கி, அடிப்பாகம் கூரைத் தகட்டோடு பிய்ந்தது. அடியில் நிற்கும் நமக்கு மேலே நடப்பது தெரியாது, கை பொத்தானிலேயே இருக்கும். அதற்கப்புறம் உத்தரத்துக்குச் சற்றுக் கீழே குறுக்காக ஒரு சட்டம் போட்டு, அதில் கார் தொட்டதும் மோட்டார் நிற்கும்படி சுவிட்ச் வைத்தோம். சில லிஃப்ட்டுகளில் அது கூடவே வரும், தரைத்தகடு வகையில் வராமல் இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். கேரேஜ் கதவின் தண்டவாளத்தையும் கூரையை ஒட்டி ஏற்றி மாட்டி, மோட்டாரைப் பக்கச் சுவருக்கு மாற்றினோம். அது முடியும் வரை நாலு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு வியர்வையில் வேலை செய்தோம்.

இப்போது இடத்தூணில் இரண்டு மஞ்சள் டேப் துண்டுகள் ஒட்டியிருக்கின்றன. மேலே இருப்பதில் "செடான்" என்றும், 29 செ.மீ. கீழே இருப்பதில் "எஸ்யூவி, ஆன்டெனா கழற்றியாச்சா?" என்றும் தம்பியின் கையெழுத்தில் எழுதியிருக்கிறது.